வாய் வைத்த மைக்

1974 நவம்பர் 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். புடவை இரண்டும் காயவில்லை. அறை முழுக்க கருவாட்டு வாடை.

தெரிந்தே ஏன் மாற்றிச் சொன்னேன்? காலையிலிருந்து இதே கேள்வி.

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். பள்ளிக் கொட்டகையில் கூட்டம். மிஷன் துரை ஹாரிசனின் கேள்வி: இங்கே வயர்லெஸ் பெட்டி வைத்து ஆறு வாரம் ஆகிறது, மீனவர் குப்பத்திலிருந்து ஒருவர்கூடப் பேச வராதது ஏன்? ஏரிக்கு அக்கரையிலும் ஒரு பெட்டி. அங்கே அவர்களுடைய சொந்தக்காரர்கள். படகில் போய்வர அரை நாள். இங்கே பொத்தானை அழுத்தினால் போதும். ஆஸ்பத்திரி ஜீப்பையும் கூப்பிடலாம். நியாயமான கேள்விதான். அவருக்கு மொழிபெயர்க்க வந்திருக்கும் நான் அதைத் தமிழில் சொன்னேன்.

குப்பத்துத் தலைவர் கோவிந்தன், தோளில் வலையோடு, உட்காராமலே:

"அந்தக் காலனிப் பொண்ணு நாள் முச்சூடும் அதுல வாய் வச்சுப் பேசிக்கினுகீது. எங்க ஊட்டுப் பொம்பளைங்க போயி அதுலயே வாய் வைக்கணுமா? இன்னா டீச்சரம்மா, உங்களுக்குத் தெரியாததா?"

காலனிப் பெண் என்றது எஸ்தரை. பெட்டியை இயக்குபவள். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து பாட்டரிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

நான் ஆங்கிலத்தில் சொன்னது: பலர் பேசிய மைக்கில் பேசினால் நோய் தொற்றும் என்று பயப்படுகிறார்கள்.

வெள்ளைக்காரர் முன்னால் நம் அழுக்கை மறைத்தேனா? எஸ்தரின் மனம் நோகக் கூடாதென்றா? இரண்டும் கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டும் உண்மை என்று கையெழுத்துப் போட மாட்டேன்.

ஹாரிசனுக்கு ஒரே மகிழ்ச்சி. சுகாதாரம் என்றால் அவருக்குத் தெரிந்த விஷயம். உடனே நோட்டுப் புத்தகம், பட்டியல்: ஸ்பிரிட், பஞ்சு, இன்னொரு மைக். பிறகு ஜெபம்.

வாங்க வேண்டியவை: டார்ச் செல், கொசுவர்த்தி, ஓமத் திராவகம். கல்லூரிக்கு விடுப்பை நீட்டிக்கக் கடிதம். நீட்டிக்க வேண்டுமா?

நவம்பர் 6, புதன்

மழை. சாலையில் முழங்கால் தண்ணீர்.

எஸ்தரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார் ஹாரிசன். நோய் என்ற பேச்சு வந்துவிட்டதாம், முதலில் அவளுக்கு டி.பி. இல்லை என்று உறுதி செய்துகொள்வதுதான் முறையாம். முடிவு வரும்வரை பெட்டியைத் தொடக் கூடாது. சளி துப்ப, மூடி போட்ட தகரக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, அன்போடு தோளைத் தட்டினார். நான் சுவரில் ஒட்டியிருந்த உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் ஒரு வாக்கியம் அந்தக் கிண்ணமாகிவிட்டது.

காலை ஒன்பது மணிக்குப் பொன்னேரி நிலையம் தரும் வானிலைச் செய்தியை ஹாரிசனே வாங்கி, ஒலிபெருக்கியில் தன் தமிழில் படித்தார். "புயல்" அவர் வாயில் என்னவோ ஆயிற்று. குப்பத்தில் சிரிப்பு. "தொரை கடைக்கு வரச் சொல்றாரா, கடலுக்குப் போகச் சொல்றாரா?" என்று ஒரு குரல். அதற்குப் பிறகும் நான்கு படகுகள் போயின. மாலைக்குள் திரும்பிவிட்டன. திரும்பாமல் போயிருந்தால்?

தன் நாட்டுச் சபைக்கு அவர் எழுதிய கடிதத்தைத் திருத்தக் கொடுத்தார். எஸ்தர் மைக்கோடு சிரிக்கும் போட்டோவும் அதோடு. ஏழைகளின் குரலை ஒன்று சேர்க்கிறோம் என்று மூன்று இடத்தில். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினேன். வேறெதையும் தொடவில்லை.

நவம்பர் 7, வியாழன்

தூறல். தலைவலி.

எஸ்தருக்கு டி.பி. என்று காலனியிலேயே பேச்சு. குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டார்களாம். அவள் ஊர்க்காரர்கள், அவள் சபைக்காரர்கள். யாரைப் பார்த்தாலும் குமட்டுகிறது. என்னையும் சேர்த்துத்தான்.

மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லப் போனேன் என்று தெரியாமலே.

"அண்ணன் புதுவாயல்ல கீது. கும்மிடிப்பூண்டி கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம், வந்துருன்னு ஒரே பேஜாரு. நான்தான் போவல. அந்தப் பொட்டி எனக்குப் பழகிருச்சு டீச்சரம்மா. அக்கரைல எவன் தும்முனாலும் இன்னாருன்னு சொல்லுவேன்."

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"எனக்கு இருமல்கூட இல்ல. கோவிந்தன் சொன்னத நானும்தான் கேட்டேன். அவரு சாதிய சொன்னாரு. நீங்க இங்கிலீஷ்ல சொல்றப்ப 'டிசீஸ்'னு ஒண்ணு வந்துச்சே, அது அவரு பேச்சுல எங்க இருந்துச்சு?"

மழை வலுக்கும் போலிருக்கிறது என்றேன். நாற்பத்தொன்பது வயது, எம்.ஏ., இருபத்திரண்டு வருடம் வகுப்பு எடுத்தவள்.

தேநீர் கொடுத்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன். ராத்திரி நான்கு இட்லி சாப்பிட்டேன்.

நாளை காலை ஹாரிசனிடம் சொல்லிவிடுவேன். ஆங்கில வாக்கியத்தை பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிவைத்திருக்கிறேன். சின்ன வாக்கியம்தான்.

நவம்பர் 8, வெள்ளி

நடந்தது இது.

வாயைத் திறப்பதற்குள் ஹாரிசன் ஜீப்பிலிருந்து குதித்தார், கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. எல்லோரையும் கொட்டகைக்குக் கூட்டினார். எஸ்தரைப் பெட்டி முன்னால் உட்காரவைத்தார். சீட்டை உயர்த்திப் பிடித்தார். இவளிடம் எந்த நோயும் இல்லை, இவள் சுத்தமானவள், சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.

கோவிந்தன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் சகிக்கவில்லை.

"தொரை நல்ல மன்சன். நோவுன்னு நாங்க எப்ப சொன்னோம்? டாக்டரு சீட்டு எழுதிக் குடுத்துட்டா காலனி குப்பமாயிடுமா?"

பின்னாலிருந்து ஒருவன்: "எனக்கும் ஒரு சீட்டு வாங்கிக் குடு நைனா, நான் ஐயராயிடறேன்!" கொட்டகையே அதிர்ந்தது.

இந்தத் தடவை அப்படியே சொன்னேன். திங்கட்கிழமை நான் மாற்றியதையும் சேர்த்து. டிக்கெட்டைப் பார்க்கத் தேவைப்படவில்லை.

ஹாரிசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, மெதுவாக: இரண்டாவது மைக் வந்துவிட்டது, அவர்களுக்கு அது, எஸ்தருக்குப் பழையது, யார் மனமும் நோகாது, இதைத் தமிழில் சொல்லிவிடுங்கள். மைக் வந்த அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார். கைப்பிடியில் ஏற்கெனவே சிவப்பு நாடா சுற்றியிருந்தது.

நான் சொல்லவில்லை. தேவையும் இல்லை; கோவிந்தன் நாடாவைப் பார்த்ததுமே தலையாட்டினார்.

நாம் ஜெபிப்போம் என்றார் ஹாரிசன். கண்ணை மூடினார்.

எஸ்தர் மூடவில்லை. தன் மைக்கைக் கொக்கியில் மாட்டினாள். பதிவேட்டில் மணி எழுதிக் கையெழுத்துப் போட்டு, கீழே கோடு கிழித்தாள். குடையை எடுத்தாள். என்னைத் தாண்டும்போது, தணிந்த குரலில்:

"சொல்லிட்டீங்க டீச்சரம்மா. நாலு நாள் லேட்டு."

வாசல் வரை போனேன். புதுவாயல் பஸ் பிடிக்க மேட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆமென் சொல்லிக் கண் திறந்த ஹாரிசன் அவள் எங்கே என்று கேட்டார். அதையும் மொழிபெயர்க்க வேண்டுமா என்றேன்.

அவரும் கோவிந்தனும் புது மைக்கோடு வெளியே போட்டோ எடுக்கப் போனார்கள்.

ஒன்பது மணிக்கு வயர்லெஸில் பொன்னேரி கூப்பிட்டது. வானிலைச் செய்தி நேரம். மூன்று தரம் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. நான் போய் எஸ்தரின் மைக்கை எடுத்தேன். பொத்தானை அழுத்தி, எஸ்தர் இல்லை, செய்தியைச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

"ஒண்ணுமே கேக்கல," என்றது பொன்னேரி. "மைக்க ஏன் அவ்ளோ தூரமா புடிச்சுக்கினுகீறீங்க? வாய்கிட்ட வச்சுப் பேசுங்க."