பிரேக் தட்டில் பூசிய எண்ணெய்

ஜூன் 14, சனி.

பேத்தி மீனா நாளைக்கு முதல் தடவையாகப் பந்தயத் தடத்தில் கார் ஓட்ட இருந்தாள். ஜுரு ஊர்ப் பட்டறையில் புது பிரேக் பேட் போட்டாள். காரில் கிடந்த சாமான்களை எல்லாம் வெளியே எடுத்தாள். காரைக் கழுவி நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனாள். சக்கரத்துக்குள்ளே இரும்புத் தட்டில் செந்துரு தெரிந்தது. தோசைக்கல்லுக்குத் தடவுவது போல நான்கு சக்கரத்திலும் கையை விட்டுத் துணியால் தேங்காயெண்ணெய் தடவினேன்.

பெட்ரோல் போடக் கிளம்பியவளுக்குச் சந்து முனையில் பிரேக் பிடிக்கவில்லை. கார் குப்பைத் தொட்டியில் மோதி நின்றது. தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சீனக் கிழவர் நின்றுகொண்டிருந்தார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

மீனா தட்டைத் தொட்டு முகர்ந்தாள். "தேங்காயெண்ணெ! பிரேக்குல யாரு எண்ணெ தடவுனது?"

எண்ணெய்த் துணியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன். மருமகள் சாந்தி என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். "நான்தான்லா. துரு பிடிச்சிருந்துச்சு" என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள்.

"அறிவிருக்காம்மா? நாளைக்கு அந்த வேகத்துல செத்தே போயிருப்பேன்!"

சாந்தி தலைகுனிந்து நின்றாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் மகன் கல்யாணத்தில் சாந்தி வீட்டார் என்னை முன்வரிசையில் உட்கார வைக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக அதைச் சொல்லிக்காட்டி வருகிறேன். இன்றைக்கு அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "வாங்க அத்தை, சோறு ஆறுது" என்று மட்டும் கூப்பிட்டாள்.

பேட் எல்லாம் எண்ணெய் குடித்துவிட்டதாம். மீனா நாளைக்குப் போகவில்லை. அம்மாவோடு இன்னும் பேசவில்லை. மீனாவின் அறையில் விளக்கு எரிகிறது. இரண்டு தடவை கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன்.