என் தம்பியின் பிரசங்கம்

கேடன் ஸ்பிரிங்ஸ், புளோரிடா
ஜூன் 5, 1997

கர்த்தருக்குள் அன்பான அக்கா அர்லீதாவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். வில்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. உன்னை இரத்த அழுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொன்னாள்.

போனில் சொன்னால் நீ பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நேற்று மூப்பர் ஹோபார்ட் ஒரு சுவரொட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்தார். வர்ஜீனியா மலையில் ஏதோ ஒரு பண்ணையில், ஜூலை மாதம் நடக்கும் இசைவிழாவாம். ஒரே பெயர்க் கூட்டம். நடுவில் 'சிஸ்டர் அர்லீதா கிளெமன்ஸ், தேவாலய ஸ்டீல் கிதார்.' உனக்கு மேலே, ஒரே பாட்டை அரைமணி நேரம் இழுக்கிற பையன்களின் குழு. உனக்குக் கீழே, காலி ஜாடிக்குள் ஊதி வாசிக்கிற குழு.

"போதகரே, இது உங்க அக்காதானா?" என்று கேட்டார். "வேற யாரு?" என்றேன். வேறென்ன சொல்வது?

மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். ஆராதனைக்கென்று இருக்கிற வாத்தியத்தை பீர் விற்கிற இடத்தில் வாசிப்பவர், ஆகஸ்டில் நம் சபைகளின் பொதுக்கூட்டத்தில் வாசிக்கக் கூடாது என்று முடிவு. சபைகளின் மாநிலக் கண்காணிப்பாளர் என்ற முறையில் நானும் கை தூக்கினேன். அக்கா, நான் பிரசங்கியான நாளிலிருந்து நீ பின்னால் உட்கார்ந்து வாசிக்காத பொதுக்கூட்டம் ஒன்றுகூட இல்லை. போகவில்லை என்று ஒரு வரி எழுதிவிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி,
லீமன்


டன்பார், தென் கரோலினா
ஜூன் 12, 1997

அன்புத் தம்பிக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன் என்று வில்மாவிடம் சொல். உன் கடிதத்தைப் படித்தபிறகு ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டுச் சொல்.

நான் போகிறேன், லீமன்.

பீர் விற்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். உனக்கும் வில்மாவுக்கும் கல்யாணமான அன்று கொல்லைப்பக்கம் ஹோபார்ட்டின் அண்ணன் குடித்தது எலுமிச்சைச் சாறு என்றா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாய்? நான் அங்கே வாசிக்கப்போவதும் சபையில் வாசிக்கிறதைத்தான். வேறெதுவும் எனக்குத் தெரியாது.

உண்மையில் போவதற்குக் காரணமே அதுதான். எனக்கு அறுபத்திரண்டு வயது. நம் சபைக்கு வெளியே ஒருவர் வாசித்து நான் நேரில் கேட்டதில்லை. நீங்கள் எல்லாரும் "நல்லா இருந்துச்சு சிஸ்டர்" என்கிறீர்கள். என் சவப்பெட்டியைப் பார்த்தும் அதையேதான் சொல்வீர்கள். நான் உண்மையிலேயே நன்றாக வாசிக்கிறேனா, இல்லை உங்களுக்குப் பழகிவிட்டதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நீ கை தூக்கியதை மறைக்காமல் எழுதினாய். அதற்கு நன்றி. கோபம் இல்லை என்று மட்டும் எழுத மாட்டேன்.

அர்லீதா


டன்பார்
ஜூலை 23, 1997

அன்புள்ள லீமன்,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. போய்வந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

முதல் நாள் என் கூடாரத்துக்குப் பக்கத்தில் அமெடே என்று ஒரு பெரியவர். லூயிசியானாவில் இறால் பிடிக்கிறவர், மடியில் அக்கார்டியன். பிரெஞ்சில்தான் பாடுகிறார், ஒரு சொல் புரியவில்லை. ஆனால் யாரோ ஒருத்தி அவரை விட்டுப் போய்விட்டாள் என்பது நன்றாகப் புரிந்தது. கென்டக்கியிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர் ஒரே மைக் முன் நின்று பாடினார்கள். சாப்பாட்டு வரிசையில் ஒருவரோடொருவர் பேசவே இல்லை, மேடையில் இரண்டு குரலுக்கும் நடுவில் ஒரு தாள் நுழையாது. ஜெனீவா என்று ஒரு பழங்குடிப் பெண் வடக்கு டகோட்டாவிலிருந்து வந்திருந்தாள். பிடிலைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு காலாலும் பலகையைத் தட்டுவாள். மூன்று பேர் வாசிப்பதுபோல் இருக்கும்.

அந்த அரைமணி நேரப் பையன்களும் நல்ல பிள்ளைகள்தான். செருப்பே போடுவதில்லை. அவர்களில் ஒருவன் என்னிடம் வந்து, "எப்ப நிறுத்தணும்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டான்.

"நின்னுக்கிட்டிருக்கிற சனம் உட்கார்ந்தா நிறுத்துவேன்" என்றேன்.

"எங்க ஆளுங்க முதல்லயே படுத்துக்கிறாங்களே" என்றான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் முறை ஞாயிறு நடுப்பகல். அவன் சொன்னது சரிதான். மலைச்சரிவு முழுக்க சனம் புல்மேல் படுத்துக் கிடந்தது. ஒரு பாட்டு வாசித்தேன். மரியாதையாகக் கைதட்டினார்கள். இரண்டாவதும் அப்படியே. மடியில் கிடத்திய கிதாரின் கம்பிமேல் இரும்புத் துண்டு வழுக்குகிறது, சுரம் வருகிறது, உள்ளே ஒன்றுமில்லை. மூன்றாவதின் நடுவில் கை நின்றுவிட்டது. சபையில் என் முன்னால் நீ இருப்பாய். நீ குரலில் ஏறினால் நான் கம்பியில் ஏறுவேன். இங்கே யார் பின்னால் போவது?

அப்போது மேடை ஓரத்திலிருந்து அமெடேயின் குரல்: "அவசரமில்ல தங்கச்சி. நாங்க எங்கயும் போகல."

நான் மைக்கை இழுத்துச் சொன்னேன்: "என் தம்பி ஒரு பிரசங்கி. அவன் இங்க வரல, வரவும் மாட்டான். அவன் பிரசங்கம் பண்றது எப்படியிருக்கும்னு உங்களுக்கு வாசிச்சுக் காட்டறேன்."

வாசித்தேன், லீமன். நீ முதலில் தணிவாக, யாரையோ நலம் விசாரிப்பதுபோல ஆரம்பிப்பாயே, அப்படி. நடுவில் நிறுத்திக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைப்பாய். அந்த இடத்தில் நானும் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். "ஆமென்" என்று ஓரத்திலிருந்து ஒரு சத்தம். கென்டக்கித் தம்பி. அடுத்த வரிக்கு அண்ணன். ஜெனீவாவின் கால் பலகையைத் தட்ட ஆரம்பித்தது. வாசிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் மேடை ஓரத்தில் வந்து நின்று எனக்குச் சபையாகிவிட்டார்கள். நீ கடைசியில் குரலைக் கட்டவிழ்த்துவிடுவாயே, அந்த இடத்துக்கு வந்தபோது கண்ணைத் திறந்து பார்த்தேன். மலைச்சரிவில் ஒருவர்கூடப் படுத்திருக்கவில்லை. அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

நான் நன்றாகத்தான் வாசிக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். ஆனால் அதைவிடப் பெருமையாக இருந்தது, அவர்கள் எழுந்தது உனக்காக என்பதுதான்.

ஆகஸ்டில் நான் வரவில்லை. வாசலில் நின்று திரும்பிப்போக எனக்குப் பழக்கமில்லை.

உன் அக்கா,
அர்லீதா


கேடன் ஸ்பிரிங்ஸ்
ஆகஸ்ட் 20, 1997

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வில்மாவிடம் படித்துக் காட்டினேன். கைக்குட்டை வந்த இடத்தில் அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். பதில் எழுத நாலைந்து தடவை உட்கார்ந்தேன். போதகர் எழுதுவது போலவே வந்தது, கிழித்துவிட்டேன்.

பொதுக்கூட்டம் முடிந்தது. உன் இடத்தில் டாம்பாவிலிருந்து வந்த ஒருவன் வாசித்தான். நல்ல கை. நான் பேசினேன், ஏறினேன். ஒரு படி மேலே வைத்தபின் திரும்பிப் பார்த்தால் அவன் இன்னும் கீழ்ப்படியில் நிற்கிறான். அவனுக்காக நான் இறங்கி வந்தேன். பிறகு ஏறவே முடியவில்லை.

முடிந்ததும் ஹோபார்ட் வந்து, "பையன் ஒரு தப்புகூடப் பண்ணல பாத்தீங்களா?" என்றார்.

"பண்ணல. ஆனா நான் அடுத்து என்ன சொல்லப்போறேன்னு எங்க அக்காவுக்கு எனக்கு முந்தியே தெரியும்" என்றேன்.

மூப்பர்கள் எல்லாரும் இருந்தார்கள். அப்படியே சொல்லிவிட்டேன்: "வர்ஜீனியா மலையில நான் இல்லாமலே என் பிரசங்கத்துக்கு அத்தனை சனம் எழுந்து நின்னுச்சு. இன்னிக்கு நான் நேர்ல நின்னும் நம்ம சனம் விசிறிக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. இதுல கர்த்தர் எங்க இருந்தார்னு நீங்களே சொல்லுங்க."

மூப்பர்கள் முடிவை மாற்றவில்லை. மாற்றுவார்கள் என்று உனக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். அதனால் மாநிலக் கண்காணிப்பாளர் பதவியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி நான் இந்த ஊர்ச் சபைக்கு மட்டும் போதகர். சின்னச் சபைதான், மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும். ஆனால் இங்கே யார் வாசிப்பது என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

என் அக்கா வாசிக்க வேண்டும் என்று சொல்கிறேன். வருவாயா?

லீமன்


டன்பார்
ஆகஸ்ட் 26, 1997

லீமன்,

பதவியை விட்டது முட்டாள்தனம். நேரில் வந்து திட்டுகிறேன்.

அந்த விழாக்காரர்கள் அடுத்த ஜூலைக்கும் கூப்பிட்டார்கள், சரி என்று சொல்லிவிட்டேன். அதையும் தெரிந்துகொண்டே கூப்பிடு. மனம் மாறினால் சனிக்கிழமைக்குள் போன் செய், பாதியில் வைக்க மாட்டேன்.

போன் வராவிட்டால் ஞாயிறு ஆராதனைக்கு முன்பே வந்துவிடுவேன். பிரசங்கத்தைச் சுருக்காதே. என் கை நன்றாக இருக்கிறது.

அக்கா