முப்பத்தைந்து நிமிட அருவி

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததிலிருந்து அம்மா சற்றுக் கூடுதலாகவே நலமாக இருக்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் நீ நலமாக இல்லை என்பதும் அதற்குக் காரணம் யார் என்பதும் எனக்குத் தெரியும், ஆகையால் கேட்க வாய் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ உன் மாமியாரைப் பற்றி, "அத்தை நாலு மாசமா என்கிட்ட சரியாவே பேசலப்பா, என்ன தப்பு பண்ணேன்னே தெரியல" என்று சொன்னபோது, உங்கள் ஊரில் மழை எப்படி என்று கேட்டேன். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களும் அதையேதான் கேட்டேன். உங்கள் ஊர் மழையைப் பற்றி என்னளவு விசாரித்தவர் வானிலை இலாகாவிலும் இருக்க மாட்டார். அம்மா புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள், இப்போது அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம், நான் உட்பட. குளியலறைக் குழாயை ஒருவழியாக மாற்றிவிட்டோம். இதெல்லாம் எழுதத்தான் காகிதம் எடுத்தீர்களா என்று அவள் உள்ளே இருந்து கேட்கிறாள், எனவே விஷயத்துக்கு வருகிறேன்.

மலைமேல் என் சித்தப்பா விட்டுப்போன மரவீட்டில், வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு தாள் தொங்குமே, உனக்கு நினைவிருக்கும், உன் கையெழுத்துதான். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. என் கையெழுத்தை என் அலுவலகத்திலேயே யாராலும் படிக்க முடியாது என்பதால் நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். விருந்தாளிகள் வெளியே போய்ச் செய்யத்தக்கவை என்று தலைப்பு, கீழே கட்டம் கட்டமாக இடம், புறப்பாடு, சேருமிடம், ஆகும் நேரம். ஏரிக்குப் பன்னிரண்டு நிமிடம், அங்கே துடுப்புப் படகு அரை மணி. புல்வெளிக்கு எட்டு நிமிடம், பட்டம் விடலாம், பந்து ஆடலாம். சூரிய உதயம் பார்க்கும் பாறைக்கு இருபது. காலை 6.05 முதல் 6.40 வரை பறவைகள் காணப்படும் என்றுகூடப் போட்டேன், நல்லவேளையாகப் பறவைகள் யாரும் அதைப் படிக்கவில்லை. அருவிக்கு முப்பத்தைந்து நிமிடம். நான் சொன்ன வாசகம் இன்னும் மனப்பாடம்: "வருகை தருவோர் மேற்படி அருவியைப் பதினைந்து நிமிடங்களுக்கு மிகாமல் கண்டு களிக்கலாம்."

அந்த அருவிக்கு நான் போனதே இல்லை வாலு. உனக்கு இது புதுச் செய்தி அல்ல, ஒவ்வொரு விடுமுறையிலும் நீயும் அம்மாவும் போவீர்கள், நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து துருவப் பயணிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பேன். பனியில் விரல்களை இழந்தவர்களைப் படித்துவிட்டு எனக்கே களைப்பாகிவிடும். ஆனால் முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது. முப்பத்தொரு வருடம் பஸ் நேர அட்டவணைப் பிரிவில் இருந்தேன் அல்லவா, அங்கே செய்தபடியே செய்தேன். மலைப்படத்தை மேசையில் விரித்து அருவி வழியின்மேல் நூல் வைத்து அளந்தேன், இரண்டே கால் கிலோமீட்டரும் கொஞ்சமும் வந்தது. மனிதன் மணிக்கு நாலு கிலோமீட்டர் நடப்பான். வகுத்தால் முப்பத்துநாலரை. அரை நிமிடம் ஓய்வுக்கு என்று பெரிய மனதுடன் சேர்த்துக்கொண்டேன். படத்தில் மலை தட்டையாக இருந்தது. எங்கள் பிரிவில் எல்லா மலையும் அப்படித்தான் இருந்தது, பஸ் தாமதமானால் ஓட்டுநருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகும்.

நீ அப்போதே பேனாவைத் தூக்கிக்கொண்டு, "அப்பா, முப்பத்தஞ்சு நிமிஷத்துல எல்லாம் போக முடியாது, எங்களுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகும்" என்றாய். வழியெல்லாம் விளையாடிக்கொண்டு போனால் அப்படித்தான், ஒழுங்காக நடந்தால் ஆகும், கணக்கு நான் போட்டாகிவிட்டது, நீ எழுது என்றேன். நீ எழுதினாய். அந்த 35 மட்டும் மற்ற எழுத்துகளைவிட அழுத்தமாக விழுந்திருக்கும், கோபத்தில் பேனாவை அழுத்தியிருக்கிறாய். நான் அதை முக்கியத்துவம் என்று எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டினேன். அந்த உறைக்குள் இருந்ததால் தாள் இன்றுவரை மஞ்சளாகவில்லை, போன வாரம் எழுதியதுபோல் இருக்கிறது. இதைக் கவனித்துக்கொள், பின்னால் உதவும், எனக்கு உதவியது.

நாலு மாதத்துக்கு முன் உன் மாமாவும் அத்தையும் மரவீட்டுக்குப் போனார்களே, மாமா வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தது என்று உனக்குச் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் எப்படி விழுந்தார் என்பதைச் சொல்லவில்லை. சம்பந்தி பல் டாக்டர், நேரம் தவறாதவர், பத்தரை மணிக்கு என்றால் பத்தரைக்கு வாயைத் திறக்க வைப்பவர். தாளைப் பார்த்தார். போக முப்பத்தைந்து, வர முப்பத்தைந்து, களிக்கப் பதினைந்து, ஆக ஒரு மணிக்குள் திரும்பிச் சாப்பிட்டுவிடலாம் என்று சர்க்கரை மாத்திரையைப் பதினொன்றரைக்கே போட்டுக்கொண்டு, கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு கிளம்பினார். உன் அத்தை வழி தவறக் கூடாது என்று தாளையும் ஆணியிலிருந்து கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு மணிக்கும் அருவி வரவில்லை. திரும்பிவிடலாம் என்று அத்தை மூன்று தடவை சொல்லியிருக்கிறார். அதற்கு அவர், "நேர அட்டவணை ஆபீஸ்காரர் வீட்டுத் தாளும்மா இது, தப்பா இருக்காது, நாமதான் மெதுவா நடக்கிறோம்" என்று சொல்லி இன்னும் வேகமாக நடந்திருக்கிறார். வயிறு காலி, மாத்திரை தன் வேலையைச் செய்தது, தலை சுற்றியது, ஈரப்பாறையில் கால் போனது. இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. மரங்களுக்கு எண் போட வந்த வனத்துறை ஆட்கள் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இங்கே எழுதவில்லை, தினமும் நினைத்துக்கொள்கிறேன், அது போதும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது, உன் அத்தை கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் முன்னால் நீட்டி, "இதை எழுதுனது யாரு?" என்று கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. நான், "வாலு எழுதுனது. அவளுக்கு அந்த வழியெல்லாம் அத்துப்படி" என்றேன்.

இரண்டு வாக்கியம். இரண்டும் உண்மை. எந்த நீதிமன்றத்திலும் என்னைப் பொய் சொன்னவன் என்று நிரூபிக்க முடியாது. எந்த வயதில் எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்கு என்ன புரிந்தது என்று யோசித்துப் பார். வழி தெரிந்த மருமகள், மாமனாருக்குச் சர்க்கரை என்று தெரிந்த மருமகள், அவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள் போனில் "நல்லா சுத்திப் பாருங்க அத்தை" என்று சொன்ன மருமகள், இப்படி ஒரு தாளை எழுதி மாட்டிவிட்டு ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. அம்மா அப்போது என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். அந்த நாளைக்கு நாலு மாதம் பிடித்தது. கட்டுப் பிரிக்கட்டும் என்றேன், கட்டுப் பிரித்தார்கள். நடக்க ஆரம்பிக்கட்டும் என்றேன், கைத்தடியோடு நடந்தார். அதற்குள் உன் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் வந்து இருக்கிறேன் என்று சொல்லியிருந்த அத்தை, பார்க்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். நீ வேலைக்குத் திரும்ப வேண்டிய தேதி அடுத்த மாதம் முதல் தேதி என்பதும் எனக்குத் தெரியும். போன ஞாயிறு நீ கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் படுக்கவிடவில்லை. தெரியாமல் ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று அத்தைக்கு எழுதினாயாம், அதற்குப் பதிலே இல்லையாம்.

மறுநாள் காலை நானும் அம்மாவும் மரவீட்டுக்குப் பஸ் ஏறினோம். முதலில் அந்த வழியை நடந்து பார்த்துவிட்டுத்தான் சம்பந்தி வீட்டுப் படி ஏறுவது என்று எனக்குத் தோன்றியது. அம்மா இதையும் ஒரு வாய்தா என்றுதான் சொன்னாள், ஆனாலும் கூட வந்தாள். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் நான் தண்ணீர்த்தொட்டி வளைவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குமேல் வழி படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. உனக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. அம்மாவுக்கு ஒவ்வொரு திருப்பமும் தெரிகிறது. இந்த மரத்தில் நீ ஏறி இறங்க முடியாமல் அழுதாய், இந்த ஓடையில் செருப்பை விட்டாய், இங்கே மான் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு என் சொந்தக் குடும்பத்தைப் பற்றி யாரோ சுற்றுலா வழிகாட்டி சொல்வதுபோல் இருந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்தபோது, ஒவ்வொரு தடவையும் நீ இங்கே உட்கார்ந்து அப்பா பின்னால வருவாரா என்று கேட்பாய் என்றாள். அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்று கேட்டேன். "அட்டவணைல இருக்கு, வண்டிதான் வரலன்னு சொல்லுவேன்" என்றாள். அருவிக்குப் போய்ச் சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. அருவி நன்றாக இருக்கிறது. பதினைந்து நிமிடத்துக்கு மிஞ்சியே பார்த்தேன். சாரல் கண்ணாடியில் அடித்துக்கொண்டே இருந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

நேற்று சம்பந்தி வீட்டுக்குப் போனோம். மாமா காலை முக்காலியில் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அத்தை டீ கொண்டுவந்து வைத்தார். டீயைக் குடித்தால் தைரியம் போய்விடும் என்று குடிக்காமலே சொன்னேன். நூல், படம், வகுத்தல், அரை நிமிடம், உன் பன்னிரண்டு வயது, நீ மறுத்தது, ஆஸ்பத்திரியில் நான் சொன்னது, சொல்லாதது, எதையும் விடவில்லை. மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, எனக்கு முதல் வாரமே தெரியும் சம்பந்தி என்றார். "உங்க பொண்ணு எனக்கு அனுப்புற மெசேஜ்ல ஒரு முழு வார்த்தை இருக்காது. அவ எங்க போய் 'மேற்படி அருவி'ன்னு எழுதுறது?" அத்தை அவர் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சும் என்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். சம்பந்தியாச்சே, முகத்துக்கு நேராக எப்படி, அவராகவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன் என்று மாமா இழுத்தார். அடுத்த கால் மணி நேரம் எனக்கு விழ வேண்டியதில் பாதி அவருக்கு விழுந்தது. எங்கள் இருவரின் மரியாதைக்கும் நடுவில் நீ நாலு மாதம் நசுங்கியிருக்கிறாய் என்பது அத்தை பேசப் பேசத்தான் முழுதாக உறைத்தது. கடைசியில் என்னிடம், "அப்ப அந்தப் பொண்ணு எதுக்கு என்கிட்ட மன்னிப்புக் கேட்டா?" என்றார். என்ன தப்பு என்றே தெரியாமல் கேட்டாள் என்றேன். "நான் அதைப் படிச்சிட்டு, பாரு, அவளே ஒத்துக்கிட்டான்னு நினைச்சேனே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் கிளம்பும்போது வாசலுக்கு வந்து, "முதல்ல நீங்க அவளுக்கு எழுதுங்க. அவ படிச்சு முடிக்கட்டும், அப்புறம் நான் பேசுறேன். உங்களைப் பத்தி நான் அவகிட்ட சொல்லக் கூடாது, நீங்கதான் சொல்லணும்" என்றார். உன் வீட்டுக்கு வருவதைப் பற்றி அவர் பேசவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லாததால் நானும் கேட்கவில்லை.

ஆகையால் இது கூரியரில் வருகிறது. நாலு நாளில் சேரும் என்கிறார் கூரியர்காரர், அவரும் படத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். படித்ததும் அத்தைக்கு ஒரு செய்தி அனுப்பிவிடு, அவர் காத்திருக்கிறார். குழந்தையைத் தினம் சிறிது நேரமாவது வெளியே வெளிச்சத்தில் தூக்கிக்கொண்டு போ, மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போ, படிக்க வேண்டியது இருக்கிறது என்று சொன்னால் விடாதே. உனக்கும் குழந்தைக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நன்மையும் வர வேண்டும் என்று நானும் அம்மாவும் மனமார வாழ்த்துகிறோம். அம்மாவின் வாழ்த்து பலிக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அத்தை பேசும்போது எனக்காகப் பரிந்து பேசாதே. வயதானவர், ஆஸ்பத்திரிப் பதற்றத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்று நீ சொல்வாய், உன்னை எனக்குத் தெரியும். நான் பதறவில்லை வாலு. அவர் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவில் யோசிக்க எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. நான் எதிரில் நிற்கிறேன், அம்மா பக்கத்தில் இருக்கிறாள், நீ மட்டும்தான் தூரத்தில் இருந்தாய். தூரத்தில் இருப்பவளுக்கு வலித்தால் எனக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் சொன்னேன்.

இப்படிக்கு,
தெரிந்தே செய்த
உன் அப்பா