புள்ளிக்கோழி அடைக்கு உட்கார்ந்தது

மோல்டோவா,
ஏப்ரல் முதல் வாரம்

அன்புள்ள ரையிசாவுக்கு,

உன் புருஷன் செராஃபிம் எழுதுவது. நானும் மகளும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் இலின்கா பக்கத்திலேயே நின்று காதைக் கொடுக்கிறாள். அதனால்தான் இத்தாலிக்கு வேன் ஓட்டும் கோஸ்த்யாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் புள்ளிக்கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. இதற்கா ஒரு கடிதம் என்று நினைப்பாய். கிறிஸ்துமஸ் அன்று இலின்கா போனில், "எப்பம்மா வருவே?" என்று அழுதபோது நீ என்ன சொன்னாய்? "கோழி அடையில உட்கார்ந்து குஞ்சு பொரிச்சதும் அம்மா வந்துடுவேன் கண்ணு" என்றாய். பிள்ளையைச் சமாதானப்படுத்த வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, பனி உருகுவதற்குள் மறந்தும் போயிருப்பாய். ஏழு வயதுப் பிள்ளை மறக்குமா? தினமும் கோழிக்கூண்டுக்குள் தலையை விட்டு, "இன்னிக்காவது உட்காருவியாடி?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

நீ வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். போன மாதம் கோஸ்த்யா நீ அனுப்பிய பார்சலை இறக்கிவிட்டு, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். "அண்ணே, அவங்க இப்ப வேலை பார்த்த கிழவி வீட்டுல இல்ல. புது விலாசம். கதவத் திறந்தது ஒரு ஆம்பள, வீட்டுச் செருப்போட வந்து நின்னாரு. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்றான். நான் பார்சலை உள்ளே தூக்கிக்கொண்டு போனேன்.

குஞ்சு பொரிக்காவிட்டால் வாக்கும் இல்லையே என்று என் மடப்புத்திக்குத் தோன்றியது. கோழியின் அடையைத் தெளியவைக்கப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் கழுத்துவரை முக்கினேன். வைக்கோல் இல்லாமல் வெறுங்கல்லில் கூடையைக் கவிழ்த்து அடைத்தேன். சனியன், கல்லின் மேலேயே இறக்கையை விரித்து உட்கார்ந்தது. நான் அந்தப் பக்கம் போனதும் இலின்கா அதைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்துவிடுவாள். நம்மிடம் சேவல் இல்லை, எல்லாம் கூமுட்டை என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த வீட்டு அகாஃபியா அக்காவிடம் போய், சேவலோடு திரியும் கோழிகளின் முட்டையாகக் கேட்டு வாங்கிவந்துவிட்டாள். உன் மகளல்லவா!

திரும்பவும் முக்கப் போனபோது என் முதுகில் குத்தினாள். "அம்மா வரக்கூடாதுன்னுதானே இப்படிப் பண்றே? உன்னாலதான் அம்மா போனா!" என்று கத்தினாள். கோழியை அகாஃபியா அக்கா வீட்டில் கொண்டுபோய் அடைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து இலின்கா படுக்கையைவிட்டு எழவில்லை. காய்ச்சலோ என்று போர்வையை விலக்கினேன். உன் பழைய கம்பளிச் சட்டைக்குள் முட்டைகளைச் சுற்றி, வயிற்றோடு அணைத்துப் படுத்திருந்தாள். பள்ளிக்கூடம் இல்லை. சோளக் களி கிண்டிக் கொடுத்தால் படுத்தபடியே இரண்டு வாய். "அசைஞ்சா ஆறிடும்ப்பா" என்றாள். ஒரு முட்டை உடைந்து சட்டையெல்லாம் ஒழுகிக் காய்ந்திருந்தது. அதைக்கூட எடுக்க விடவில்லை. அகாஃபியா அக்கா வந்து பார்த்துவிட்டு, "பாவி, புள்ளையக் கொன்னுடாதடா. கோழியக் கொண்டுவந்து வை" என்று திட்டித் தீர்த்தாள்.

நேற்றுக் கோழியைக் கொண்டுவந்தேன். என் கையாலேயே வைக்கோல் பரப்பி, நல்ல முட்டைகளை வைத்தேன். அப்புறம்தான் அவள் எழுந்தாள். கால் மரத்துப்போய்த் தடுமாறி வந்து பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐயோ, அவள் குத்தியதைத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை. ஈஸ்டர் முடிந்த கையோடு குஞ்சு வந்துவிடும்.

உன்மேல் கோபம் இல்லை என்றால் பொய். ஆனாலும் அங்கே யாரோடு இருந்தாலும் நன்றாக இரு. என்னோடு வாழக் கூப்பிடவில்லை. ஒரே ஒரு நாள் வந்து, அவளை மடியில் உட்காரவைத்து, இனி இங்கே இருக்க மாட்டேன் என்று உன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போ. நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீ எதைச் சொன்னாலும் நம்புவாள்.

கர்த்தர் உன்னைக் காப்பாற்றட்டும். வர முடியாவிட்டால், ரையிசா, உன் காலில் விழுந்து கேட்கிறேன், வருவேன் என்று அவளுக்கு இன்னொரு நாள் மட்டும் குறித்துக் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
செராஃபிம்