நாற்பத்தெட்டாவது விதி

சால்ஃபெல்ட்,
2 அக்டோபர் 1930

தட்டச்சு ஓசையால் பெர்லின் மாநகரையே அதிரவைக்கும் என் மருமகள் இர்ம்கார்டுக்கு, தாய்மாமன் லெபரெக்ட் வாழ்த்தி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

நம் பாட்டுச் சங்கம் உலகின் தலைசிறந்த குடியரசு என்பது உனக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன் நாட்டின் புதிய சாசனத்தைப் பார்த்து, சங்கத்துக்கும் ஒன்று எழுதினேன். ஏதென்ஸ்காரன் படித்திருந்தால் வெட்கத்தில் கடலில் குதித்திருப்பான்! பெண்களுக்கும் ஓட்டு. மூன்று பேர் சேர்ந்தால் ஒரு கட்சி. விளைவு, இருபத்தொரு பேருக்கு ஏழு கட்சி. கிறிஸ்துமஸுக்கு என்ன பாடுவது என்று முடிவெடுப்பதற்குள் ஈஸ்டர் வந்துவிடும். ஆனாலும் யாரும் யார் வாயையும் அடைத்ததில்லை.

நாட்டுச் சாசனத்தில் இருக்கிறதே என்று நாற்பத்தெட்டாவது விதியையும் சேர்த்தேன்: ஆபத்து நேரத்தில் தலைவர் தாமே உத்தரவு போடலாம். கூரை தீப்பிடித்தால் உதவுமே என்று நினைத்தேன். தலைவர் பிரெட்ஷ்னைடருக்கோ தும்மல் வந்தாலும் ஆபத்துதான். ஏழு கட்சிச் சண்டைக்கு இது தேவலை என்று எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

போன மாதத் தேர்தலில் யூதர்களைத் திட்டும் கட்சி நூற்றேழு இடம் பிடித்ததல்லவா? அந்தத் தைரியத்தில் செவ்வாயன்று புது உத்தரவு: நம் பியானோக்காரர் லோவென்தால் நீக்கம். யூதர் இருந்தால் சங்கத்தின் ஒற்றுமை கெடுகிறதாம்.

உன் அம்மா ஒட்டீலி எழுந்து, "முப்பது வருஷமா சுருதி தப்பிப் பாடுறீரே, அப்பல்லாம் கெடாத ஒற்றுமை இப்பத்தான் கெட்டுப்போச்சாக்கும்?" என்று கேட்டாள். பிரெட்ஷ்னைடர், "உங்க தம்பி எழுதின விதிதானேம்மா" என்று சிரித்தார்.

சிரிக்கட்டும். பெரும்பான்மை கை தூக்கினால் உத்தரவு செல்லாது என்றும் உன் மாமன் எழுதியிருக்கிறான். ஞாயிறு பகல் மூன்று மணிக்குக் கூட்டம். பக்திப் பாட்டுக் கட்சியையும் தொழிலாளர் பாட்டுக் கட்சியையும் ஒட்டீலி ஒரே மேசையில் உட்காரவைத்துவிட்டாள். செங்கடல் பிளந்ததெல்லாம் இதற்கு முன் சில்லறைச் சங்கதி. பத்துக் கை உறுதி. பதினொன்று வேண்டும். நீ இன்னும் உறுப்பினர்தான். தபால் ஓட்டு மட்டும் கிடையாது. அதையும் இந்த மேதைதான் எழுதினான்.

நேற்றுத் தெருவில் லோவென்தாலைப் பார்த்தேன். "எனக்காக யாரும் சண்டை போட்டுக்காதீங்க" என்று தொப்பியைக் கழற்றி வணங்கினார். விதி எழுதிய அதே கையால் நானும் தொப்பியைக் கழற்றினேன்.

ஞாயிறு காலை ரயில் ஏறிவிடு. நீ வந்தால் ஜெயிப்போம். இதில் ஒரு சொல்லும் மிகையில்லை. கர்த்தர் உன் பயணத்தையும், முக்கியமாக உன் கையையும், பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் மாமன்,
லெபரெக்ட்