தங்கசாமி உன்னைத் தேடுகிறான்

நாமகிரிப்பேட்டை
16-8-1937

பிரியமுள்ள மகள் பாக்கியத்துக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். நீயும் அந்த ஆஸ்பத்திரி வேலையில் பத்திரமாக இருப்பதாக நேற்று வரை நம்பிக்கொண்டிருந்தேன், இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் நேரத்திலும் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வியாழக்கிழமை மத்தியானம் உன் புருஷன் தங்கசாமி இங்கே வந்தான். அம்மா ஓடைக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள், நான் மிஷினில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக் கருப்பண்ணன் மகளுக்குக் கல்யாண ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வேட்டி, படிய வாரிய தலை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். மாமா, நான் குடிய உட்டுட்டேனுங்க, போதகர் ஐயாவக் கேட்டுப் பாருங்க, அவ எந்த ஊர்ல இருக்கறான்னு மட்டும் சொல்லுங்க, கால்ல உழுந்தாவது கூட்டியாந்துக்கறேனுங்க என்றான். எனக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் பேசிக்கொண்டே என் பெரிய கத்தரியை எடுத்து மடியில் வைத்துத் திறந்து திறந்து மூடினான். மாப்பிள்ளை, உங்கள மன்னிச்சுட்டேனுங்க, ஆனா ஊரச் சொல்ல மாட்டேனுங்க என்றேன். அவன் கோபிக்கவில்லை கண்ணு, கோபித்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மிஷினில் இருந்த துணியை இழுத்து நாடா நாடாவாகக் கத்தரித்து என் காலடியில் போட்டான். நீங்க சொல்லாட்டி என்னங்க மாமா, சொல்றவங்க இருக்கறாங்க என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

நேற்று ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மனந்திரும்பி வந்தவனைத் தள்ளலாமா, பகைவனையும் நேசிக்கச் சொன்னவர் அல்லவா நம் ஆண்டவர் என்று கேட்டார். அவரை எதிர்த்து நான் பேசியதில்லை என்று உனக்குத் தெரியும். நேற்றுப் பேசினேன். ஐயா, ரெண்டு வருசத்துக்கு முந்தி அவ கை ஒடிஞ்சு வந்தப்ப, மன்னிச்சு வாழோணும்னு ஜெபம் பண்ணித் திருப்பி அனுப்புனவன் நாந்தானுங்க, நாப்பதாம் நாள் முதுகு வெந்த புள்ளைய வண்டில கொண்டாந்து போட்டாங்க. அவன் பசின்னு வந்தா இன்னைக்கும் சோறு போடறேன், அவனுக்காக ஜெபம் பண்றேன், ஆனா அவன் கையில புள்ளையக் குடுன்னு ஆண்டவர் எங்கீங்க சொன்னாரு என்று கேட்டேன். ஐயாவின் முகம் வெளுத்துப்போனது. உனக்கு வேலைக்குச் சிபாரிசு எழுதிக் கொடுத்தவர் அவர்தானே, அவருக்கு இடம் தெரியும். அவன் அழுததை நம்பி வெள்ளிக்கிழமையே ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டேன் சின்னுசாமி என்று மெதுவாகச் சொன்னார். உடனே இருவரும் வண்டி பிடித்து அவன் வீட்டுக்குப் போனோம். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாவாயி, சனிக்கிழமையே டிரங்குப் பெட்டியோட ரயிலுக்குப் போயிட்டானுங்களே என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் ஐயா அழுதார். அவரை நான் குறை சொல்லவில்லை, நானும் ஒரு காலத்தில் அதைத்தானே செய்தேன்.

ஐயா இன்று காலையில் உன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டார், உன்னை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். கருப்பண்ணன் இந்தக் கடிதத்தைச் சூரமங்கலம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மெயில் ரயிலில் சேர்க்கிறேன் என்று வெளியே காத்திருக்கிறார். டாக்டரம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. வாசல் காவல்காரரிடம் அவன் அடையாளத்தைச் சொல், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. கடைவீதிக்குத் தனியாகப் போகாதே. அவன் கேட்டில் நின்று அழுதால், மன்னித்துவிட்டேன் என்று உள்ளே இருந்தபடியே சொல்லி அனுப்பு, கதவைத் திறக்காதே. உன்னைத் திருப்பி அனுப்பியதற்கு உன்னிடம் நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன் சாமி. அவன் திருந்த வேண்டும், அவன் கண்ணில் நீ படக் கூடாது என்று இரண்டையும் ஒரே ஜெபத்தில் கேட்கிறோம், அம்மாவுக்கு முதலாவதைச் சொல்லும்போது குரல் வருவதில்லை, அவளுக்கும் சேர்த்து நான் சொல்கிறேன்.

ஆண்டவர் உன்னைத் தம் சிறகின் கீழ் மறைத்து வைக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இனி நாங்கள் தந்தி கொடுத்தால் டாக்டரம்மா பெயருக்குத்தான் கொடுப்போம். அம்மாவுக்கு முடியவில்லை, அப்பா இறந்துபோனார், உடனே புறப்பட்டு வா என்று உன் பெயருக்குத் தந்தி வந்தால் அது அவன் கொடுத்தது. வராதே. நிஜமாகவே நான் இறந்திருந்தாலும் வராதே, அம்மாவும் கருப்பண்ணனும் என்னை அடக்கம் செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சின்னுசாமி