பாலம் இருக்கும் வரை

அன்புள்ள ரேட்டோ,

லூசெர்னைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தில் உன்னைக் கண்டதும் என் சிவப்புக் குடையை இன்னும் உயர்த்திப் பிடித்தேன். வழிகாட்டி நான்தான் என்று தெரிந்ததுமே நீ மாயமாகிவிட்டாய்.

"அவருக்குத் திடீர்னு கால் வலியாம். தேவாலயத்துப் பக்கத்து காபிக்கடையில உக்காந்திருக்காரு," என்றாள் உன் புது மனைவி லிஸ்பெத். நல்ல பெண்.

மரப்பாலத்தின் நடுவில் நின்று வெட்கப்பட்டாள். "இங்கதான் சத்தியம் பண்ணினாரு. இந்தப் பாலம் இருக்கற வரைக்கும் உன்னை விடமாட்டேன்னு."

நான் என் வேலையைத்தான் செய்தேன். தொண்ணூற்று மூன்று ஆகஸ்டில் பாலம் எரிந்ததையும், மறு வருடமே புதுப் பலகை போட்டுக் கட்டியதையும் சொன்னேன். எரிவதற்கு முன் அதே இடத்தில் அதே சத்தியத்தைக் கேட்ட ஒருத்தியைப் பற்றியும் சொன்னேன். கரியை அள்ளி முடிப்பதற்குள் அவள் கணவன், "அதான் பாலமே போச்சே" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கினான்.

"அடப்பாவி! யாருங்க அந்த ஆளு?"

கைப்பையிலிருந்த நம் கல்யாணப் படத்தைக் காட்டினேன். அது ஏன் இன்னும் அங்கே கிடக்கிறது என்று கேட்காதே.

"எங்கிட்ட இதுக்கு முன்னாடி கல்யாணமே ஆகலைன்னாரே," என்றாள். அழவில்லை.

மூன்று மணி ஏரிக் கப்பலில் ஏறிவிட்டாள். இருவர் சீட்டும் அவளிடம்தான். நம் ஊர்க் கப்பல் யாருக்காகவும் ஒரு நிமிடம் நிற்காது, உனக்குத் தெரியும். இதைக் காபி கொண்டுவரும் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எழுந்து ஓடாதே. உனக்குத்தான் கால் வலியாயிற்றே.

இப்படிக்கு,
இல்லவே இல்லையென்று நீ சொன்ன மனைவி